அசன் மைதீனுக்கு ஜாமீன்

ஆவுடையப்பன் அண்ணாச்சி கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அம்பாசமுத்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கிறார். உரம் ஒரு பங்கு விற்றால் வட்டி மூன்று பங்கு ஓடும். தவணைக்கு வராதவனையும் "அதுக்கென்னவே, அடுத்த மாசம் பாத்துக்கிடலாம்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவார். கத்துகிற மனுசரிடம் வாங்கினால் அந்தச் சத்தத்துக்குப் பயந்தாவது ஒருத்தன் கடனை அடைத்துத் தொலைப்பான். சிரிக்கிறவரிடம் மாட்டினால் ஆயுசு பூரா அவர் கடைப் படியில்தான் பொழுது போகும்.

அப்பேர்ப்பட்ட அண்ணாச்சி அந்தச் சித்திரையில், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, தன்னிடம் வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருந்த ரசீதைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, பைய ஒரு வார்த்தை சொன்னார். மகன் கோயம்புத்தூரில் தொழில் தொடங்கப் போகிறானாம், முதல் எல்லாம் திரும்பி வரவேண்டுமாம். அடுத்த சித்திரை வரைக்கும் பொறுப்பாராம். அதற்குள் ஒன்றே முக்கால் லட்சமும் வராவிட்டால் வீட்டை அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம், மதிப்புப் போட்டு மீதியைத் தந்துவிடுவாராம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரசீத் கலரைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

வீடு என்றால் மாளிகை இல்லை. பள்ளிவாசல் தெருவில் ஒடுங்கலான ஓட்டு வீடு. முன்னறை, நடுவறை, அடுக்களை, புறவாசலில் ஒரு முருங்கை. ரசீதின் வாப்பா கட்டினது. ரசீத் ஆறு வருசம் கடல் தாண்டித் தம்மாமில் லாரி ஓட்டினான். ஓட்டிச் சேர்த்ததையும், ஊரில் கைமாற்று வாங்கினதையும் கூட்டாளி ஒருத்தனை நம்பி மொபைல் கடையில் போட்டான். கடையும் போயிற்று, கூட்டாளியும் போனான். ஊர்வாயை மூட வீட்டுப் பத்திரத்தை அண்ணாச்சியிடம் வைத்து மூன்று லட்சம் வாங்கினான். இப்போது அவனிடம் இருப்பது ஒரு லோடு ஆட்டோ. கல்லிடைக்குறிச்சி அப்பளம், வாழைத்தார், நெல் மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று கிடைத்ததை ஏற்றுவான். பெண்டாட்டி ஜனாபா வீட்டில் இருந்தே சீர்ப் பலகாரம் செய்து கொடுக்கிறவள். ஒரே மகள் ஃபஹ்மிதா பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள்.

சோம்பேறிக் குடும்பம் என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்ல முடியாது. ரசீத் வட்டியை நினைத்து மருகுகிற மனுசன். வட்டி வாங்குகிறது மட்டுமில்லை, கொடுக்கிறதும் ஹராம் என்று ஜும்மா பயானில் கேட்டதிலிருந்து அவனுக்குத் தொழுகையில் நின்றாலும் அண்ணாச்சி முகம்தான் வந்து நிற்கும். அதனால் கையில் பத்து ரூபாய் சேர்ந்தால் அதை அன்றைக்கே கொண்டு போய் உரக்கடையில் போட்டுவிட்டு வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். அப்படிப் போட்டுப் போட்டு ஒரு தடவை கடனை நாற்பதாயிரத்துக்குக் கொண்டு வந்துவிட்டான். அந்த ஆனியில் மகள் பள்ளிக்கூடத்துக்குத் துட்டு, வண்டிக்கு ரெண்டு டயர். கையில் சல்லிக்காசு இல்லை. திரும்ப அண்ணாச்சிதான். ரெண்டாம் தடவை இறக்கிக் கொண்டு வந்தபோது ஐப்பசி மழையில் அடுக்களைச் சுவர் விழுந்தது. மூன்றாம் தடவை தங்கச்சி மகள் கல்யாணம், தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? "அதுக்கென்னவே, எடுத்துட்டுப் போம்" என்பார் அண்ணாச்சி. மூன்று தரம் மலையேறி மூன்று தரமும் சறுக்கி, ஒன்றே முக்காலில் வந்து நின்றது கணக்கு.

கலரைக் குடிக்காமல் வந்த அன்று மத்தியானம் ரசீத் பெண்டாட்டியையும் மகளையும் கூப்பிட்டு வைத்துச் சட்டம் போட்டான்.

"ஒரு வருசம். வீட்டுல கறி கெடையாது, புதுத்துணி கெடையாது, கேபிளு கெடையாது. வண்டிக் காசு, பலகாரக் காசு, வார காசு அம்புட்டும் அண்ணாச்சிக்கு. இன்னொரு தடவ அந்தப் படியில கடன் கேட்டு ஏறுனா வீடு போச்சுன்னு வச்சுக்க."

ஜனாபா மீன் ஆணத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "சரிதான். நடுவுல ஏதாச்சும் வந்தா?"

"என்ன வரும்?"

"என்னமாச்சும் வரும்லா. கொஞ்சத்த ஒதுக்கி வைப்பமே."

"வட்டி எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கு, இவ உண்டியல் வாங்கணுங்கா. வந்தா பாத்துக்கிடலாம்ட்டி."

"பாத்துக்கிடலாம்" என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். அண்ணாச்சி கடைக்குப் போவது.

ஆனி பிறந்து மலையில் சாரல் கட்டியது. மேற்கே மலை தெரியாமல் மூடிக்கொண்டு, தெருவில் பன்னீர் தெளித்தாற்போல் தூறிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரில் அடுப்படியில் உட்கார்ந்து ஓட்டுமாவு வறுப்பது ஒரு சுகம். அரிசிமாவில் முட்டையும் தேங்காயும் பிசறி, அகலச் சட்டியில் போட்டு, சிறுதீயில் கை ஓயாமல் கிண்ட வேண்டும். ஒரு நிமிசம் வேறு யோசனையில் விட்டால் அடி பிடித்துவிடும். தெருக்கோடி மும்தாஜ் பேகம் மகளின் பிரசவத்துக்குச் சீர் கொண்டு போகப் பலகாரம் சொல்ல வந்தவள், அடுக்களை வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை. துட்டுக்கு எங்கே போவேன், இப்படித் திடீர்னு வந்து தலையில் விழுந்துவிட்டதே, கம்மலை வைத்துவிட்டுத்தான் வருகிறேன் என்று மூக்கைச் சிந்தினாள்.

ஜனாபா வாயை மூடிக்கொண்டு கிண்டினாள். அவள் போனபிறகு ஒற்றையில் சிரித்தாள். பத்து மாசம் வயிற்றில் கிடந்த பிள்ளை இவளுக்குத் திடீரென்று வந்துவிட்டதாம்! யோசித்துப் பார்த்தால் ஊரே அப்படித்தான் அவளிடம் வந்துகொண்டிருந்தது. மூன்று மாசத்துக்கு முன்னால் கார்டு அடித்த கல்யாணத்துக்குத் திடீர்ச் செலவு. பிறை பார்த்து வருகிற பெருநாளுக்குத் திடீர்ச் செலவு. அந்தத் திடீர்ச் செலவில்தான் இவள் அடுப்பு எரிகிறது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுபோயிற்று. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறப்பது வருசா வருசம் நடப்பதுதானே? டயர் தேயும் என்று டயர் வாங்குகிற அன்றைக்கே தெரியாதா? ஐப்பசியில் மழை வராமல் கூழாங்கல்லா விழும்? மும்தாஜ் பேகத்தைச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை என்று அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் அசன் மைதீன் ஞாபகத்துக்கு வந்தார்.

ஏர்வாடியில் ஜனாபாவின் உம்மா வீட்டுக்கு அசன் மைதீன் என்று ஒரு உறவுக்காரர் வருவார். உம்மாவுக்கு ஏதோ ஒரு வழியில் அண்ணன் முறை. தபால் போடமாட்டார், சொல்லி அனுப்பமாட்டார். ஒரு தோல் பையோடு வந்து இறங்கினார் என்றால் பத்து நாள் இருந்து தின்றுவிட்டு, போகும்போது பஸ்ஸுக்கும் துட்டு வாங்கிக்கொண்டு போவார். நல்ல மனுசர், பாட்டெல்லாம் படிப்பார். ஆனால் செலவு. அவர் வந்து வந்து அந்த வீட்டில் அதுவே பேச்சாகிவிட்டது. கிணற்று மோட்டார் புகைந்தால் "அசன் மைதீன் வந்துட்டாரு" என்பாள் உம்மா. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அதேதான். அவர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது, வராமல் இருக்கமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் உம்மா தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுவிடுவாள். அந்த ஒரு பிடிக்காக ஒருநாளும் அடுத்த வீட்டில் போய்க் கிண்ணத்தை நீட்டினதில்லை.

தெருவில் ஆசியா உம்மாள் சீட்டு நடத்துகிறாள். இருபது பேர், மாசம் ஆளுக்கு ஆயிரம். ஏலத் தள்ளு கிடையாது, வட்டி கிடையாது, இருபதாயிரம் முழுசாகக் கைக்கு வரும். மாச முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அவள் வீட்டு முன்னறையில் குலுக்கல். அவசரம் உள்ளவர்கள் கேட்டு, எல்லாரும் சம்மதித்தால் குலுக்காமலும் கொடுப்பாள். எடுத்தவர்கள் மிச்ச மாசத்தைக் கட்டி முடிக்க ஒரு ஜாமீன் வேண்டும். ஆசியா உம்மாளுக்குத் தொண்டை பெரிசு. வாசலில் நின்று பேரைச் சொல்லித்தான் துட்டுக் கேட்பாள், அது நாலு வீட்டுக்குக் கேட்கும்.

ஜனாபா ஏற்கெனவே தன் பேரில் ஒரு சீட்டுப் போட்டு, அது விழுந்த அன்றைக்கே ரசீத் அதை அப்படியே கொண்டு போய் அண்ணாச்சி கடையில் கொட்டியிருக்கிறான். இப்போதும் தன் பேரைக் கொடுத்தால் அதே கதைதான். ஆடியில் புதுச் சீட்டு ஆரம்பித்தபோது யார் பேருக்குளா என்று ஆசியா உம்மாள் கேட்டதும், வாயில் வந்தது அசன் மைதீன். எந்த அசன் மைதீன் என்றாள் அவள். எங்க உம்மா வீட்டுப் பக்கத்து ஆளு மாமி என்றாள் ஜனாபா. அது பொய்யில்லை. தேங்காயெண்ணெய் விலை ஏறிவிட்டது, பலகாரத்தில் நிற்பது குறைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னாளே, அது பாதிப் பொய். எண்ணெய் விலை ஏறினது வாஸ்தவம். ஆனால் மாசம் ஆயிரத்துக்கு ஏறவில்லை.

ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. நாலு மாசமும் ரசீத் தன் சட்டத்தை மீறவில்லை. கார் நெல் அறுப்பில் வண்டிக்கு நல்ல ஓட்டம், அண்ணாச்சிக்குத் தவணைக்கு மேலேயே போயிற்று. மனுசன் முகத்தில் தெளிச்சி வந்துவிட்டது. வண்டியின் இன்சூரன்சும் எஃப்.சி.யும் கார்த்திகையில் முடிகிறது என்று ஜனாபா ரெண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். ரெண்டு தடவையும் பாத்துக்கிடலாம் என்றான். கடைசியில் மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, பிரேக், பெயின்ட், அடிப்பலகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குக் குறையாது என்று சொல்லிவிட்டான். அது இல்லாமல் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. வண்டி இறங்காவிட்டால் தவணை கிடையாது. தவணை இல்லாவிட்டால் சித்திரையில் வீடு கிடையாது.

அந்தச் சேதியோடு மெக்கானிக் கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தவனைத்தான் ஆசியா உம்மாள் வாசலில் மறித்தாள். ஒம் பொண்டாட்டி மாதிரித் தவறாமல் துட்டுக் கட்டுகிறவள் இந்தத் தெருவில் கிடையாது, அந்த அசன் மைதீன் எந்த ஊரில் இருக்கிறார், நல்லா இருக்கிறாரா என்று விசாரித்தாள். ரசீத் ஒன்றும் விளங்காமல், "அவரு மவுத்தாகிப் பன்னெண்டு வருசமாச்சே மாமி" என்று சொல்லிவிட்டான். ஆசியா உம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நாலு மாசமாக மையத்திடம் சீட்டுத் துட்டு வாங்கியிருக்கிறாள்!

ஜனாபா அடுப்படியில் இருந்தாள். ரசீத் வந்து நிலையில் சாய்ந்து நின்றான்.

"அசன் மைதீன் மாமாவக் கபுருக்குள்ள எறக்குனவங்கள்ள நானும் ஒருத்தன்" என்றான். "அவருக்கு மாசாமாசம் ஆயிரம் ரூவா கட்டுதியாமே."

அவளுக்குக் கை நின்றுவிட்டது. பிறகு தீயைத் தணித்துவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். உம்மா வீட்டுப் பேச்சைச் சொன்னாள், சீட்டைச் சொன்னாள், எண்ணெய் விலையையும் சொன்னாள்.

"எம் மொகத்தப் பாத்துப் பொய் சொல்லியிருக்க."

"ஆமா. நெசத்தச் சொல்லியிருந்தா அதையும் கொண்டு அங்கன போட்டிருப்பிய."

"போட்டிருந்தா அம்புட்டுக்கு வட்டி கொறைஞ்சிருக்கும்லா. ஹராம் கொறைஞ்சிருக்கும்லா. ஒனக்கு அந்தப் பயமே கெடையாதாட்டி?"

"நாலாயிரத்துக்கு மாசம் எம்பது ரூவா கொறைஞ்சிருக்கும்" என்றாள் ஜனாபா. "இப்ப வண்டிக்கு என்ன செய்யப் போறிய? அண்ணாச்சிகிட்டத்தான? அவரு குடுப்பாரு. சிரிச்சுக்கிட்டே குடுப்பாரு. இருவதாயிரத்துக்கு வட்டி எவ்வளவுன்னு நீங்களே சொல்லுங்க."

ரசீத் விரலால் நிலையைச் சுரண்டினான்.

"நானும் இந்த அடுப்புல ஒக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். நாம கடன் அடைக்கவே இல்ல. நம்ம துட்ட அவருகிட்டக் கொண்டு பத்திரமா வைக்கோம். பொறவு நமக்கு வேணுங்கும்போது நம்ம துட்டையே வட்டி குடுத்து அவருகிட்ட வாங்கிட்டு வாரோம். மூணு தடவயும் அதத்தான செஞ்சோம்? ஹராம்னு பயந்து பயந்துதான் ஹராம்ல கெடக்கோம்."

சோறு போட்டு வைத்திருந்தது. ரசீத் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போய் வண்டியைக் கிளப்பினான். ஜனாபாவுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. விடியக்காலம் ஒரு சாயா குடித்துவிட்டுப் போன மனுசன். நேரே அண்ணாச்சி கடைக்குத்தான் போகிறான் என்று நினைத்தாள்.

அவன் அண்ணாச்சி கடைக்குப் போகவில்லை. போனானா இல்லையா என்று அவளிடம் சொல்லவும் இல்லை. எஃப்.சி. முடியுமுன் அந்த வாரம் பூரா இருந்த ஓட்டத்தை ஓட்டினான், வந்தான், போட்டதைத் தின்றான், படுத்தான். உப்பு இருக்கா, புளி இருக்கா என்பதற்கு மேல் பேச்சில்லை. நடுவில் ஃபஹ்மிதாதான் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் தந்தி கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சீட்டுப் பெண்டுகள் எல்லாம் ஆசியா உம்மாள் வீட்டு முன்னறையில் கூடியாயிற்று. வெளியே கார்த்திகைத் தூற்றல். ஆசியா உம்மாள் குலுக்குகிற சொம்பைத் தொடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு ஜனாபாவைப் பார்த்தாள்.

"ஏளா ஜனாபா. நம்ம சீட்டுல ஒரு மையத்து இருக்காமே."

பெண்டுகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஜனாபாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் எழுந்து நின்றாள். இந்த மாசச் சீட்டை அவள் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்கவேண்டும் என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அது ஆளு இல்ல மாமி. செலவு" என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் வருகிற மனுசரைச் சொன்னாள், உலையில் போடுகிற அரிசியைச் சொன்னாள், மூன்று தடவை அண்ணாச்சி கடைப் படி ஏறினதைச் சொன்னாள். அத்தனை பேர் முன்னால் வீட்டு மானத்தைச் சொல்லுகிறோமே என்று கூசியது. கூசக் கூசச் சொல்லி முடித்தாள்.

மும்தாஜ் பேகம்தான் முதலில் வாய் திறந்தாள். "எங்க வீட்டுக்கு அவரு போன வாரந்தான் வந்துட்டுப் போனாரு. பல்லு புடுங்க நாலாயிரம்."

அவ்வளவுதான், அறை கொள்ளாத சிரிப்பு. எங்க வீட்டில் அவர் போகவே மாட்டேங்கிறார் என்றாள் ஒருத்தி. எங்க வீட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறார் என்றாள் இன்னொருத்தி. ஆசியா உம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டுச் சீட்டு நடத்துகிறவள், அவள் சிரித்தால் தொழில் நடக்காது.

"சிரிப்பாணி போதும்ட்டி. செலவோ மையத்தோ, சீட்டு எடுத்தா இன்னும் பதினஞ்சு மாசம் கட்டணும். இவ புருசனுக்கு இதுல இஷ்டம் இல்லன்னு தெரு பூரா தெரியும். நாளைக்கு அவன் ஒரு காசு தரமாட்டேன்னுட்டா நான் யாரப் போயிப் புடிப்பேன்? கபுரையா தோண்டுவேன்? மொகம் இல்லாத ஆளுக்கு ஜாமீன் யாரு?"

ஜனாபா கழுத்தில் கிடந்த கருகமணியையும் ஒற்றைச் சங்கிலியையும் தொட்டுப் பார்த்தாள். அந்தச் சங்கிலியும் கவரிங்.

வாசல் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்டுகள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ரசீத் உள்ளே வரவில்லை. தூற்றலில் தலை நனைய வாசற்படிக்குக் கீழே நின்றுகொண்டே சொன்னான்.

"நான் ஜாமீன் மாமி."

"யாருக்குலே?"

"அசன் மைதீனுக்கு."

"ஒனக்கு அந்த ஆளத் தெரியுமா?"

"தெரியும். மூணு தடவ எங்க வீட்டுக்கு வந்தாரு. மூணு தடவயும் நான் கதவச் சாத்திக்கிட்டு வரமாட்டாருன்னு ஒக்காந்திருந்தேன்."

ஆசியா உம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு மாசம் தவறினாலும் ஆட்டோச் சாவி என் கையில் இருக்கவேண்டும், சம்மதமா என்று கேட்டாள். சம்மதம் என்றான். பெண்டுகளைச் சுற்றிப் பார்த்தாள், எல்லாரும் தலையாட்டினார்கள். ரெண்டு தரம் எண்ணி, மூன்றாம் தரம் மும்தாஜ் பேகத்தை எண்ணச் சொல்லி, இருபதாயிரத்தையும் ஜனாபா கையில் வைத்தாள். ஜனாபாவுக்கு அழுகை வந்துவிட்டது. துட்டுக்காக வந்த அழுகை இல்லை. அந்த மனுசன் அத்தனை பெண்டுகள் காது கேட்க, தான் கதவைச் சாத்தினதைச் சொன்னானே, அதற்காக வந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் ரசீத் முன்னாலும் அவள் பின்னாலுமாக நடந்தார்கள். வீட்டு வாசலில் வந்து நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"அப்ப அடுத்தாப்ல எப்ப வருவாரு?"

ஜனாபா விரலை மடக்கினாள். தையில் ஏர்வாடியில் அவள் தம்பி கல்யாணம். பங்குனியில் நோன்புப் பெருநாள். ஜூனில் ஃபஹ்மிதா பன்னிரண்டாம் வகுப்பு. ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும். கார்த்திகையில் திரும்ப இன்சூரன்ஸ். ஒரு கை விரல் அஞ்சும் மடங்கிவிட்டது. ரசீத் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"இம்புட்டும் முன்னாலேயே தெரிஞ்சதுதானா?"

"தெரிஞ்சதுதான். நாமதான் திடீர்னு பேரு வச்சிட்டோம்."

"காய்ச்சல், கைகால் ஒடிஞ்சா? அதெல்லாம்?"

"அதுக்குத்தான் ஒரு பிடி கூட."

அன்றைக்கு அவன் ரெண்டு தட்டம் சோறு தின்றான். ஆணத்தில் உப்புக் குறைவு என்று குற்றமும் சொன்னான். ஜனாபாவுக்கு அப்பாடா என்று இருந்தது.

எஃப்.சி. முடிந்து வண்டி புதுப் பெயின்ட்டோடு ரோட்டில் இறங்கியது. அதன்பிறகு, சீட்டுக்கும் வரப்போகிற செலவுக்கும் ஒதுக்கினது போக, அவன் அண்ணாச்சிக்குக் கொண்டு போகிற துட்டு முன்னைக்குக் கொஞ்சம் குறைவுதான். முதல் ரெண்டு மாசம் அது அவனுக்கு முள்ளாகக் குத்தியது. குறைவாகக் கொடுத்துவிட்டு வந்த அன்றெல்லாம் வீட்டில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பான். ஆனால் போன துட்டு திரும்பி வரவில்லை. இறங்கினது இறங்கினபடியே நின்றது. தையில் மச்சினன் கல்யாணத்துக்குப் போய், சபையில் கூசாமல் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வந்தான். மாசியில் ஃபஹ்மிதாவுக்கு மஞ்சள் காமாலை கண்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியும் கையுமாக அலைந்தார்கள், அதுவும் அந்த ஒரு பிடிக்குள் அடங்கியது. பிசான அறுப்பில் ராப்பகலாக நெல் ஏற்றினான். நோன்பு மாசம் ஜனாபாவுக்கு அடுப்பை அணைக்க நேரமில்லை. அண்ணாச்சிகூட ஆளனுப்பிக் கேட்டார், பெருநாள் வருகிறதே, ஏதும் வேணுமா என்று. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வருசமாக இவர்கள் கடன் கேட்டு வராதது அவருக்கு என்னமோ மாதிரி இருந்திருக்க வேண்டும்.

சித்திரை பிறந்து முதல் வாரத்திலேயே புருசனும் பெண்டாட்டியும் உரக்கடைக்குப் போனார்கள். யூரியா நெடி மூக்கில் ஏறியது. அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ரெண்டு கலர் வாங்கி வரச் சொன்னார். ரசீத் கடைசித் தவணையை மேசையில் வைத்தான். அண்ணாச்சி எண்ணினார். எண்ணிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரும்புப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டினார். தட்டினவர் அதை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்கப்படாது" என்றார். "மகன் தொழிலு தொடங்க எப்பிடியும் இன்னும் ஒரு வருசம் ஆவும்னுட்டான். இது இங்கனயே கெடக்கட்டுமேவே. வார ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும். பிள்ள பன்னெண்டாப்பு. துட்டுக்கு எங்க போவீரு? எப்பிடியும் இதத் தூக்கிட்டு இங்கனதான் வரப்போறீரு. ரெண்டு அலைச்சல் எதுக்கு?"

அதில் சூதே இல்லை. அதுதான் ஜனாபாவைச் சுருக்கென்று தைத்தது. அந்த மனுசர் ஏளனமாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். திறந்து கிடந்த இரும்புப் பெட்டியில் அந்தப் பத்திரம் கிடந்த இடம் அப்படியே காலியாகத் தெரிந்தது. இவர்கள் திரும்பி வருவார்கள் என்பதில் அவருக்கு இம்மியும் சந்தேகம் இல்லை. ஜனாபா புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று அவளுக்கே தெரியவில்லை.

ரசீத் கலரை எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தான். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, ரெண்டு கையையும் நீட்டினான்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கும்னு எங்களுக்குப் போன கார்த்திகையிலயே தெரியும் அண்ணாச்சி" என்றான். "பத்திரத்தக் குடுங்க."